முப்பதாம் நாள் இருமல்

குனிசாதா சென்செயைத் தூக்கத்திலிருந்து எழுப்ப ஒரே ஒரு வழிதான் உண்டு. அவருடைய அறைக் கதவுக்கு வெளியே மண்டியிட்டு உட்கார்ந்து மூன்று முறை இரும வேண்டும். கூப்பிடக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது, தொட்டு உலுக்குவதைப் பற்றி நினைக்கவே கூடாது. இருமினால் உள்ளேயிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். கனசாவா நகரத்துக்கே கராத்தே சொல்லிக்கொடுக்கும் மனிதர், யாரோ எழுப்பித்தான் எழுந்தார் என்று ஆகிவிடக் கூடாது பாருங்கள். தற்செயலாக ஒருவன் இருமினான், தற்செயலாக அவரும் விழித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இந்தத் தற்செயலை ஏழு வருடமாகத் தினமும் காலை நாலேகாலுக்கு நடத்தி வந்தவன் நோஜிரி. வயது முப்பத்தொன்று. வஜிமா கடற்கரையிலிருந்து வந்து, சென்செயின், அதாவது ஆசானின், வீட்டோடு தங்கி, டோஜோ என்ற பயிற்சிக் கூடத்தின் மரத்தரையைத் துடைத்து, குளியல் தொட்டிக்கு வெந்நீர் போட்டு, நடுநடுவே உதையும் வாங்கிக் கராத்தே கற்றவன். ஊரில் அவனுடைய மாமா ஒரு பழைய மீன் கிடங்கைக் கழுவி, தரை போட்டு, அவன் வந்து பள்ளி ஆரம்பிப்பான் என்று வைத்திருந்தார். மீன் வாடைகூடப் போய்விட்டது. வேண்டியது ஒரே ஒரு காகிதம்: சென்செய் தன் கையால் தூரிகை பிடித்து எழுதித் தரும் ஆசிரியர் பட்டயம்.

பட்டயம் கிடைப்பது வருடத்தில் ஒரே ஒரு நாள். ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கி முப்பது நாள், விடிவதற்கு முன் ஐந்து மணிக்கு, ஜன்னல்களைத் திறந்து போட்டுவிட்டு வெறுங்காலோடு செய்யும் குளிர்காலப் பயிற்சியின் கடைசி நாள். நோஜிரிக்கு அந்தக் கடைசி நாள் ஏற்கெனவே மூன்று முறை வந்து போயிருந்தது. முதல் முறை, "வாசல்ல செருப்பெல்லாம் ஒரு விரற்கடை கோணலா இருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார் சென்செய். இரண்டாவது முறை, "உனக்குக் கோபமே வர மாட்டேங்குது." மூன்றாவது முறை, "உனக்கு எடுத்ததுக்கெல்லாம் கோபம் வருது." நோஜிரி மூன்று முறையும் நெற்றி தரையில் படக் குனிந்து நன்றி சொல்லிவிட்டு, கிணற்றடிக்குப் போய்ப் பனிக்குவியலை உதைத்தான்.

இப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று. ஆள் உயரத்துக்குப் பனி கொட்டித் தீர்த்த வருடம். சென்செயின் மனைவி மகளுடைய பிரசவத்துக்காக டொயாமாவுக்குப் போயிருந்தார். வீட்டில் சென்செயும் நோஜிரியும் மட்டும்தான். முப்பதாம் நாள் காலை நோஜிரி நாலு மணிக்கே எழுந்தான், சென்செயின் கதவுக்கு வெளியே மண்டியிட்டான், இருமினான்.

காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

இருபத்தொன்பது நாள் அந்தக் குளிரில் எண்ணிக்கை சொல்லிக் கத்தியதில் தொண்டை முந்தின இரவே கட்டியிருந்தது. ஆனால் தன் தொண்டை தன் காதுக்குள் எப்போதும் கேட்டுக்கொண்டுதானே இருக்கும்? இருமிவிட்டோம் என்றே நினைத்தான். "ம்" வருகிறதா என்று காத்திருக்கவும் முடியவில்லை. சமையலறையில் கெண்டித் தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிகிற ஓசை கேட்டது. ஓடினான். பிறகு வாசல் பனியை வாரிப்போட்டு, ஜன்னல்களைத் திறந்து, தரையை ஒரு முறை துடைத்து முடித்தபோது ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

சுவரில் ஒரு பலகை. அதில் ஆளுக்கொரு மரச்சீட்டு, ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு. ஐந்து மணி அடிப்பதற்குள் வந்தவர்கள் தங்கள் சீட்டைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டு வரிசையில் உட்கார வேண்டும். எல்லாருக்கும் மேலே சென்செயின் சீட்டு. நாற்பது குளிர்காலமாக அது ஒரு காலைகூடக் கறுப்பாக இருந்ததில்லை.

ஊசல் கடிகாரம் ஐந்து அடித்தது. பதினான்கு பேர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சென்செய் வரவில்லை.

ஐந்தே கால். சென்செய் வரவில்லை. அவர் இல்லாமல் தொடங்கக் கூடாது. தொடங்காமல் எழுந்திருக்கவும் கூடாது. மூச்சு வெண்புகையாகப் போய்க்கொண்டிருந்தது. ஐந்தரைக்குக் கடிகாரம் ஒரே ஒரு அடி அடித்தபோது, பக்கத்திலிருந்த கமேடா வாயை அசைக்காமல் கேட்டார். கமேடா டாக்ஸி ஓட்டுகிறவர், ஐம்பது வயது, ஒரு நாளைக்கு மூன்று பெட்டி சிகரெட்.

"டேய் நோஜிரி. இருமினியா?"

"இருமினேன் அண்ணே" என்றான் நோஜிரி. அதுவும் காற்றாகவே வந்தது.

கமேடா அவனைத் திரும்பிப் பார்த்தார். "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான். இந்த முறை கமேடாவின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கே புரிந்துபோயிற்று.

"போச்சு. இவனுக்குத் தொண்டையே இல்லைங்க. ஊமை இருமல் இருமிட்டு வந்திருக்கான்" என்றார் கமேடா வரிசைக்கு.

வரிசையின் கடைசியில் டெரக் உட்கார்ந்திருந்தான். ஆஸ்திரேலியாக்காரன், உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன், கதவு நிலைகளில் தினமும் தலையை இடித்துக்கொள்ளும் உயரம். "அவ்வளவுதானே? நான் போய்க் கதவைத் தட்டி, மணி ஆச்சுன்னு சொல்லிட்டு வரேன்" என்று எழப்போனான்.

பதின்மூன்று பேரும் ஒரே நேரத்தில் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார்கள்.

"உக்காருப்பா" என்றார் உட்சுமி. வங்கிக் கிளையில் துணை மேலாளர், மெதுவாகப் பேசுகிறவர். "நீ போய்த் தட்டினா சென்செய் தூங்கிப்போனாருன்னு ஆயிடும்."

"தூங்கித்தானே போயிருக்காரு?"

"அதை நாம எதுக்குத் தெரிஞ்சிக்கணும்?"

டெரக்குக்கு ஐந்து வருடமாகியும் இந்த ஊர் முழுசாகப் பிடிபடவில்லை. மற்றவர்களுக்கு நிலைமை துல்லியமாகத் தெரிந்தது. சென்செய் இப்போது எழுந்து வந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். தன் சீட்டு கறுப்பாகத் தொங்குவதைப் பார்ப்பார். பிறகு எல்லார் முன்னாலும் மண்டியிட்டு, தலையைத் தரையில் வைத்து மன்னிப்புக் கேட்பார். "அதைப் பாக்கறதுக்கு நான் டாக்ஸியோட ஆத்துல இறங்கிடுவேன்" என்றார் கமேடா. அது நடந்தபின் நோஜிரியின் பட்டயத்தைப் பற்றி வாயைத் திறக்க யாரால் முடியும்? இந்த வருடம் என்ன, எந்த வருடமும் முடியாது. நோஜிரி வஜிமாவின் கழுவி வைத்த மீன் கிடங்கை நினைத்துக்கொண்டான். மாமா தரைக்கு இரண்டாவது பூச்சு அடித்திருப்பதாக எழுதியிருந்தார்.

யார் முதலில் நிமிர்ந்து பார்த்தார்கள் என்று பிற்பாடு ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பதினான்கு ஜோடிக் கண்களும் ஒவ்வொன்றாகக் கடிகாரத்துக்குப் போயின. சென்செயிடம் கைக்கடிகாரம் கிடையாது. அறையிலும் கடிகாரம் கிடையாது. வெளியே கும்மிருட்டு.

"டெரக்" என்றார் உட்சுமி, இன்னும் மெதுவாக. "உனக்குக் கை எட்டும்ல?"

கை எட்டியது, ஆனால் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறக்க ஒரு ஸ்டூல் தேவைப்பட்டது. ஸ்டூலை இழுத்தபோது அது தரையெல்லாம் கீச்சிட்டது. டெரக் முள்ளைப் பிடித்துப் பின்னால் சுற்றி நாலேகாலில் நிறுத்தினான். ஐந்து முப்பத்தைந்தாக இருந்த காலை, எண்பது நிமிடம் இளமையானது. எல்லாரும் தங்கள் சீட்டைக் கறுப்புக்குத் திருப்பிவிட்டு, மறுபடி சிவப்புக்குத் திருப்பினார்கள். ஏமாற்றுவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டுமல்லவா.

இனி இருமல். நோஜிரி கதவுக்கு வெளியே மண்டியிட்டான், அவனுக்குப் பின்னால் அவனுடைய தொண்டையாகக் கமேடா. மூன்று என்று சொல்லித்தான் அழைத்து வந்திருந்தான். சிகரெட் இருமல் சொன்னபடி கேட்குமா? ஆரம்பித்தது நிற்கவில்லை. பதினொன்று வரை நோஜிரி எண்ணினான்.

"ம்" என்றது உள்ளே. பிறகு, "போதும்."

கமேடா வாயைப் பொத்திக்கொண்டு டோஜோவுக்கு ஓடினார். கதவு திறந்தது. வெளியே வந்த சென்செய், நோஜிரியைத் தாண்டித் தாழ்வாரத்தின் கடைசியிலிருந்த கழிப்பறைக்குப் போனார். எழுபத்தொரு வயதில் அவர் அப்படி ஒரு வேகத்தில் போய் யாரும் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது நிதானமாக வந்தார்.

"நோஜிரி. உன் இருமல்ல இன்னைக்குச் சிகரெட் வாசனை அடிக்குதே."

நோஜிரி தலையைக் குனிந்துகொண்டான்.

திருப்பிய கடிகாரம் நாலரைக்கு ஆறு அடித்தது. பழைய ஊசல் கடிகாரங்களின் முள்ளைப் பின்னால் சுற்றினால் மணி எண்ணிக்கை பிசகிவிடும் என்பது யாருக்கு ஞாபகம் இருந்தது? பதினான்கு பேரும் கால் மரத்து உட்கார்ந்தபடி ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடிக்கொண்டார்கள். உள்ளே சென்செய் முகம் கழுவும் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

ஐந்துக்குக் கடிகாரம் ஒரே ஒரு அடி அடித்தது. சென்செய் உள்ளே வந்து தன் சீட்டின் முன் நின்றார், அதைத் தொடாமல் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அதுக்கும் குளிருது போல" என்றார். பயிற்சி தொடங்கியது.

பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ஆறரை மணி ரேடியோ உடற்பயிற்சியின் பியானோ கிளம்பியது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது மந்தம். அவர் வைக்கிற சத்தத்துக்குத் தெருவே குனிந்து நிமிரும். சென்செய் கையை உயர்த்தி நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார். உட்சுமி, வாழ்நாளில் யாரையும் அதட்டாத உட்சுமி, "ஏஏய்!" என்று அலறி ஒரு உதை விட்டார். மற்றவர்களுக்கும் புரிந்தது. அடுத்த பத்து நிமிடம் அந்தக் கூடத்தில் எழுந்த கூச்சலில் கூரைப் பனி ஒரு பாளம் சரிந்து விழுந்தது. நோஜிரி மட்டும் வாயை வாயைத் திறந்து மூடினான்.

"இன்னைக்கு எல்லாருக்கும் நல்ல உற்சாகம்" என்றார் சென்செய்.

ஐந்து நாற்பதுக்குள் சூரியன் வந்துவிட்டது. சென்செய் ஜன்னல் பக்கம் போய் நின்றார். "இந்த வருஷம் வசந்தத்துக்கு ரொம்ப அவசரம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கத் தெம்பும் இல்லை. ஆறு இருபதுக்கு மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிக் குழந்தைகள் பனிச் சுவர்களுக்கு நடுவே வரிசையாகப் போனார்கள். "இவ்வளவு சீக்கிரமேவா பள்ளிக்கூடம் தொறக்கறாங்க? பாவம், சின்னப் புள்ளைங்க" என்றார். நோஜிரிக்கு அப்போதுதான் முதல் சந்தேகம் வந்தது. சென்செயின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவருடைய இடது காது லேசாக அசைந்தது. அவர் சிரிப்பை அடக்கும்போதுதான் அது அசையும்.

ஆறரை ஆயிற்று. அதாவது எட்டுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. வழக்கமாக இத்துடன் முடிய வேண்டும்.

"கடைசி நாள். நேரமும் நிறைய இருக்கு" என்றார் சென்செய். "ஆயிரம் குத்து குத்திட்டுப் போகலாம். மெதுவா."

கமேடாவின் முகம் தொங்கிப்போனது. எட்டு மணிக்கு அவர் வண்டியை எடுக்க வேண்டும். ஆனால் நோஜிரி பார்த்தது உட்சுமியைத்தான். உட்சுமியின் கோட்டுப் பையில் வங்கிப் பெட்டக அறையின் சாவி இருந்தது. எட்டரைக்குள் அவர் போய்த் திறக்காவிட்டால் ஒன்பது மணிக்குக் கிளையே திறக்காது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு நிமிடம் தாமதமாகப் போனதில்லை. இருநூறாவது குத்தில் அவர் உதடு வெளுத்தது. முந்நூறில் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, வியர்வை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் எண்ணிக்கை தவறாமல் குத்திக்கொண்டிருந்தார். யாருக்காக? தொண்டை கட்டிய ஒருவனுக்குப் பட்டயம் கிடைக்க வேண்டும் என்பதற்காக.

நோஜிரிக்கு ஆத்திரமாக வந்தது. சென்செய் மீதா, தன் மீதா, அந்தக் கடிகாரத்தின் மீதா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. இன்னும் எழுநூறு குத்து. அதற்குப் பிறகு பட்டயம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அவனுக்கு வேறு வழியும் இல்லை, வாயில்தான் சத்தமே இல்லையே.

மூலையில் முரசு இருந்தது. பயிற்சி முடிந்தது என்று சென்செய் தலையசைத்தால் அதை மூன்று முறை அடிப்பார்கள். அவர் தலையசைக்காமல் அதை அடித்தவன் அந்த டோஜோவின் சரித்திரத்திலேயே கிடையாது. நோஜிரி வரிசையை விட்டு வெளியே வந்தான், முரசிடம் போனான், கட்டையை எடுத்தான்.

டம். டம். டம்.

பதின்மூன்று கைகள் பாதிக் குத்தில் நின்றன. சென்செய் மெதுவாகத் திரும்பினார். நோஜிரி அவர் காலடியில் போய் விழுந்து, நெற்றியைத் தரையில் வைத்துப் பேசினான்.

"ஒண்ணும் கேக்கலை" என்றார் சென்செய்.

மறுபடி பேசினான். சென்செய் முழங்கால் சொடுக்கக் குனிந்து காதை அவன் வாயருகே கொண்டுவந்தார்.

"மணி எட்டேகால், சென்செய். நான்தான் உங்களை எழுப்பலை. கடிகாரத்தைத் திருப்பினோம். உட்சுமி அண்ணன் வங்கியைத் திறக்கணும். அவரை அனுப்பிடுங்க. என்னை என்ன வேணா பண்ணுங்க."

சென்செய் நிமிர்ந்தார். "உட்சுமி! இன்னும் என்ன நிக்கற? கமேடா, உன் வண்டில இவரை ஏத்திக்கிட்டுப் போ. ஓடுங்க!"

இருவரும் ஒரு முறை குனிந்துவிட்டு ஓடினார்கள். உடை மாற்ற நேரமில்லை. துணை மேலாளர் உட்சுமி அன்று மதியம் வரை கராத்தே உடுப்புக்கு மேல் கோட்டைப் போட்டுக் கழுத்து வரை பொத்தானிட்டு உட்கார்ந்து கடன் மனுக்களைப் பார்த்தார் என்பது பிறகு தெரியவந்தது.

சென்செய் தரையில் உட்கார்ந்து, "அப்பாடா" என்று காலை நீட்டினார். அவர் கால் நீட்டி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"நான் நாலு மணிக்கே முழிச்சிட்டேன்டா" என்றார்.

நோஜிரி தலையை நிமிர்த்தினான்.

"உன் இருமலுக்காகப் படுத்துக்கிடந்தேன். வரலை. சரி, பய வேலை மும்முரத்துல மறந்துட்டான்னு நினைச்சேன். நானா எழுந்து வந்தா உன் மானம் என்னாகும்? பட்டயம் வாங்கற நாளும் அதுவுமா, எழுப்ப வேண்டியவன் மறந்துட்டான்னு ஊரெல்லாம் பேசும். அதான் நீ வர்ற வரைக்கும் தூங்கற மாதிரியே கிடந்தேன். ஒன்றரை மணி நேரம்! என் வயசுல ஒருத்தன் அவ்வளவு நேரம் அடக்கிக்கிட்டுக் கிடக்கறது என்ன பாடுன்னு உனக்குத் தெரியுமா?"

"ஸ்டூல் சத்தம்…" என்றான் டெரக்.

"கேட்டுச்சு. 'உனக்குக் கை எட்டும்ல'ன்னு கேட்டதும் கேட்டுச்சு. நடுவுல இருக்கறது காகிதக் கதவு."

"அப்போ நீங்க முழிச்சிருந்தீங்க, இவங்களும் முழிச்சிருந்தாங்க, ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தறோம்னு…" டெரக் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "நான் மொதல்லயே கதவைத் தட்டறேன்னு சொன்னேனே!"

"அதுக்குத்தான் உனக்கு இன்னும் கறுப்புப் பட்டை குடுக்கலை" என்றார் சென்செய், காது அசைய.

அவர் எழுந்து பலகையிடம் போனார். தன் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கறுப்பாகவே விட்டுவிட்டார். "நாற்பது வருஷம் போதும். இனிமே தடுமன் வந்தா படுத்துக்கலாம்" என்றார். அவர் குரலில் இருந்தது வருத்தமில்லை, சத்தியமாக இல்லை.

பிறகு சாமி மாடத்துக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்து, சுருட்டிய காகிதம் ஒன்றை எடுத்துவந்து நோஜிரியின் முன் வைத்தார். "பிரி."

பிரித்தான். சென்செயின் கனத்த தூரிகை எழுத்து. அவனுடைய பெயர். ஆசிரியராகச் சொல்லிக்கொடுக்கத் தகுதியானவன் என்ற வரி. சிவப்பு முத்திரை. ஓரங்கள் லேசாகப் பழுத்திருந்தன. ஏன் என்று பார்த்தபோதுதான் தேதி கண்ணில் பட்டது. மூன்று வருடத்துக்கு முந்தைய பிப்ரவரி. செருப்பு கோணலாக இருந்த வருடம்.

நோஜிரி அந்தத் தேதியையே பார்த்தான்.

"செருப்பு நேராத்தான் இருந்துச்சு" என்றார் சென்செய். எங்கோ ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "நீ போயிட்டா வேற எவன் வந்து இருமுவான்? உனக்கு முன்னாடி இருந்தவன் இருமினா எனக்கு உசிரே நின்னுடும். நீ இருமினா நல்லா இருந்துச்சு. ஒரு வருஷம் இருக்கட்டும்னு பாத்தேன். அப்புறம் இன்னொரு வருஷம்… திருட்டுத்தனம்தான். மன்னிச்சுக்கோ."

சொல்லிவிட்டு, யாரும் பார்க்கக் கூடாது என்று இத்தனை பேர் இவ்வளவு பாடுபட்ட அந்தக் காரியத்தை அவர் செய்தார். மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்தார்.

நோஜிரி பதறிப்போய் அவருக்கும் கீழாகக் குனிந்தான். மூன்று வருடம் என்று மனம் கத்தியது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் குரல் இல்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும். தொண்டையைச் செருமிப் பார்த்தான். பழக்க தோஷம், செருமல் இருமலாகத்தான் வந்தது. கிழிந்த சத்தமாக, சின்னதாக, மூன்று முறை.

தரையிலிருந்து தலையைத் தூக்காமலே சென்செய் சொன்னார்:

"ம்."